நான் வெட்டிய புல்

வலக்காலில் காலுறை இருந்தது. இடக்காலுக்குரியது கையில் இருந்தது. நான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். குளித்துவிட்டு வந்து அமர்ந்தபோது அறையின் எதிர்மூலையில் அலமாரிக் கதவின்மேல் இருந்த வெயில், மறுபடி பார்த்தபோது சன்னலருகே தரைக்கு இறங்கியிருந்தது. இடையில் நான் எதையும் நினைக்கவில்லை, உறங்கவுமில்லை.

“என்னங்க, இன்னும் ரெடி ஆகலையா? ஒன்பதரைக்கு அப்பாயின்ட்மென்ட்” என்று கூடத்திலிருந்து என் மனைவி கோமதி கேட்டாள். ஆகிவிட்டது என்றேன். குரல் வழக்கம்போலவே ஒலித்தது. அது என்னை அச்சுறுத்தியிருக்க வேண்டும். அச்சுறுத்தவில்லை.

அது சனவரி மாதம். நவம்பரில் எனக்கு இதய மாற்றுவழி அறுவை (அடைபட்ட இதயத் தமனிகளைத் தவிர்த்து, காலிலிருந்து எடுத்த இரத்தக்குழாயால் குருதிக்குப் புதுவழி அமைத்தல்) நடந்திருந்தது. மார்பெலும்பை நடுவே பிளந்து, வேலை முடிந்ததும் எஃகுக் கம்பியால் கட்டியிருந்தார்கள். இருமும்போது மார்போடு அணைத்துக்கொள்ள ஒரு சிறு தலையணை தந்தார்கள். புண் ஆறிவிட்டது, வலியும் போய்விட்டது. தலையணையை மட்டும் நான் விடவில்லை.

புண் ஆறிய பின்னும் ஆறாத ஏதோ ஒன்றுடன் வாழ்பவர்களுக்காகவும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சிறப்பாக, நல்லெண்ணம் உடையவர்களுக்காக. என் நல்லெண்ணம் பக்கத்து வீட்டு முதியவர் ஒருவரின் உயிரை ஏறத்தாழ வாங்கிவிட்டது.

அன்று மருத்துவமனையில், உடற்பயிற்சிக்கு முன்பாக ஒரு படிவம் தந்தார்கள். ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் உறக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது விருப்பம் இருந்ததா என்பன போன்றவை. ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து மூன்று வரை ஓர் எண்ணை வட்டமிட்டுச் சுழிக்க வேண்டும். பூச்சியம் என்றால் அந்தத் தொல்லை இல்லவே இல்லை; மூன்று என்றால் நாள்தோறும் உண்டு. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சற்றுத் தயங்கினேன். கோமதி குனிந்து பார்த்தாள்.

“எல்லாத்துக்கும் ஜீரோ போட்டுருங்க. எழுதிட்டாங்கன்னா அது ரெக்கார்ட்ல நின்னுடும். இன்சூரன்ஸ்காரன் பாப்பான். யாழினிக்கு வேற இப்பத்தான் ஜாதகம் பாத்துட்டு இருக்கோம்.”

யாழினி எங்கள் ஒரே மகள். ஆஸ்டினில் வேலை செய்கிறாள். நான் ஒன்பது பூச்சியங்களைச் சுழித்தேன். அழகாகச் சுழித்தேன் என்பது நினைவிருக்கிறது.

நாங்கள் ரிச்சர்ட்சன் நகரின் பழைய பகுதி ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வாழ்கிறோம். தொலைத்தொடர்பு நிறுவனத்தில் வேலைக்கு வந்தபோது வாங்கிய வீடு. பக்கத்து வீட்டில் இருப்பவர் மிஸ்டர் வெர்னன். கறுப்பினத்தவர், எழுபத்தெட்டு வயது. பள்ளிக்கூடங்களின் குளிர்சாதன இயந்திரங்களை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தேவாலயத்தில் மூத்தவர்களை முதற்பெயருக்கு முன்னால் ‘மிஸ்டர்’ சேர்த்தே அழைப்பார்கள்; நாங்களும் அவ்வாறே பழகினோம். என்னை அவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. ‘நெய்பர்’ என்பார். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். இங்கே அதை நம் பேச்சில் தருகிறேன்.

அவர் மனைவி எர்னஸ்டீன் அதற்கு முந்திய ஆகஸ்டில் இறந்துபோனார். அதன் பிறகு வேலியோரத்தில் எப்போது பார்த்து நலம் விசாரித்தாலும் மிஸ்டர் வெர்னனிடமிருந்து வரும் விடைகள் மிகச் சிலவே. எழுந்தேன், உடுத்தினேன், அதுவே பெரிது என்பார். குறை சொல்ல ஒன்றுமில்லை என்பார். சர்க்கரை கொஞ்சம் ஆட்டம் காட்டுகிறது என்பார். பெரும்பாலும், களைப்பாக இருக்கிறது என்பார்.

அந்தக் களைப்பில் படிகள் இருந்தன. இதை மிகவும் பிந்தித்தான் கற்றேன். ‘களைப்பு’ என்று மட்டும் சொன்னால் அது வெறும் களைப்பு. ‘எலும்புவரை களைப்பு’ என்றால் அவர் இரண்டு நாள் வெளியே வந்திருக்க மாட்டார். ‘ஆண்டவர் என்னை எப்போது கூப்பிடுவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்பதைப் புன்னகையோடு சொல்வார். நானும் புன்னகைத்துவிட்டு உள்ளே போவேன். எங்கள் வீட்டுப் பெரியவர்களும் அப்படிச் சொல்லிக்கொண்டே தொண்ணூறு வயதுவரை இருந்தார்கள் அல்லவா?

பிப்ரவரியில் ஒருநாள், படிவத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். சிரிப்பதற்காகச் சொல்வதுபோலச் சொன்னேன். என்னிடம் இப்படியெல்லாம் கேட்கிறார்கள், பாருங்கள் என்று. அவர் சிரிக்கவில்லை. தம் தந்தையின் தங்கையைப் பற்றிச் சொன்னார்.

அந்த அத்தை ஒரு குழந்தையைப் பறிகொடுத்தவர். அழுகையை நிறுத்த முடியவில்லை என்று ஒரு மருத்துவரிடம் உண்மையைச் சொன்னார். ஊருக்கு வெளியே, மரங்களுக்குப் பின்னால் இருந்த அரசு மருத்துவமனைக்கு அவரைக் கொண்டுபோனார்கள். வெர்னன் சிறுவனாக இருந்தபோது போனவர், வெர்னன் படைக்குப் போகும் வயதில்தான் திரும்பினார். திரும்பி வந்த பின் அவர் எந்தக் கதவையும் தாமாகத் திறக்கவில்லை. கழிப்பறைக் கதவின் முன்னால்கூட, யாராவது வந்து திறக்கட்டும் என்று நின்றுகொண்டிருப்பாராம்.

“மனசு சரியில்லைங்கற வார்த்தையை டாக்டர் முன்னாடி சொன்னா, அவர் அதை எழுதிக்குவார், நெய்பர். எழுதுனது நம்மளவிட ரொம்ப நாள் இருக்கும்.”

கோமதி சொன்னதையே அவரும் சொன்னார். இரண்டு வீடுகளுக்கும் இடையில் ஒரு மரவேலிதான் இருந்தது. அச்சம் ஒன்றாகவே இருந்தது. ஆயினும் அவருடைய அச்சத்துக்குப் பின்னால் கதவின்முன் நிற்கும் ஒரு பெண் இருந்தார். எங்களுடையதற்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. இந்த வேறுபாட்டை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மார்ச்சு முதல் வாரத்தில் புல் துளிர்த்தது. எங்கள் தெருவில் முன்புறப் புல்தரை என்பது வீட்டின் முகம். ஓர் அளவுக்கு மேல் வளர்ந்தால் நகராட்சியார் கதவில் அறிவிப்பைத் தொங்கவிடுவார்கள். மிஸ்டர் வெர்னனின் புல்தரைக்கு அந்தத் தெருவில் தனிப்பெருமை உண்டு. நேர்கோடாக வெட்டமாட்டார், சாய்கோடாக, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு வெட்டுவார். ஓரங்களைத் தகட்டுக் கத்தியால் தனியே சீவுவார். அந்த ஆண்டு அவர் புல்வெட்டியை வெளியே எடுக்கவில்லை.

கதவைத் தட்டினேன். நெடுநேரம் கழித்து ஒருசாண் அகலத்துக்குத் திறந்தார். முழங்கால் தகராறு, சனிக்கிழமை பார்த்துக்கொள்வேன் என்றார். சனிக்கிழமை போயிற்று. மறு சனியும் போயிற்று.

இதற்குள், எடை தூக்கலாம், புல்வெட்டலாம் என்று மருத்துவர் எனக்கு இசைவு தந்திருந்தார். எங்கள் தரையை வெட்டி முடித்தவன், இயந்திரத்தை அணைக்காமல் அவர் தரைக்குள் தள்ளிப்போனேன். கோமதிக்கு அது பிடித்திருந்தது. “பாவம், தனியா கிடக்கிறார். அவருக்குச் சங்கடமா இருக்கும், யாருக்கும் தெரியாம செஞ்சிடுங்க” என்றாள். ஒருவருடைய இயலாமையைப் பிறர் கண்ணில் படாமல் மூடிக் கொடுப்பதே பண்பு என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள்.

ஆகவே ஒழுங்காக மூடினேன். அவரைப்போலவே சாய்கோடாக வெட்டினேன். பார்ப்பவர்களுக்கு அவரே வெட்டியதாகத் தோன்ற வேண்டும் என்று. ஓரங்களையும் சீவினேன். தெருவில் நடமாட்டம் குறைந்த பிற்பகல்களாகப் பார்த்துச் செய்தேன். கதவருகே குவிந்த விளம்பரத் தாள்களை எடுத்துப் போட்டேன். செவ்வாய்க்கிழமைகளில் அவருடைய குப்பைத்தொட்டியைத் தெருவோரத்துக்கு இழுத்து, புதன்கிழமை காலையில் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன்.

சில வேளைகளில் முன்னறைச் சன்னலின் திரை ஒரு விரல் அளவு விலகி, மறுபடி மூடும். கையசைப்பேன். அவர் பார்த்திருப்பார் என்று எண்ணிக்கொள்வேன்.

புதன்கிழமைதோறும் முற்பகலில் கருஞ்சிவப்புக் கார் ஒன்று எங்கள் தெருவில் வரும். மிஸ்டர் வெர்னனின் வீட்டின்முன் நடைவேகத்துக்குக் குறையும். தொப்பி அணிந்த மூத்த பெண்மணி ஒருவர் கண்ணாடி வழியாகப் புல்தரையைப் பார்ப்பார், தொட்டி இருக்கும் இடத்தைப் பார்ப்பார், கதவைப் பார்ப்பார். பிறகு நிறைவோடு தலையசைத்துவிட்டுப் போய்விடுவார். ஒருமுறை வெளியில் நின்ற எனக்கும் கையசைத்தார். அவர் பாராட்டியது என் வேலைப்பாட்டை என்று கருதி மகிழ்ந்தேன். அந்த மாதங்களில் நான் மகிழ்ந்தது அது ஒன்றுக்குத்தான் என்பதால் நன்றாக நினைவிருக்கிறது.

ஏப்ரலில் குப்பைத்தொட்டி வரவர இலேசாயிற்று. ஒரு செவ்வாயன்று இழுத்தபோது எடையே இல்லை. மூடியைத் திறந்து பார்த்தேன். அடியில் ஓர் ஈரத்தாள் ஒட்டியிருந்தது. ஒரு மனிதர் ஒரு வாரம் முழுவதும் எதையும் தின்று எறியவில்லை. இது என் கண்ணுக்கு நேரே இருந்தது. நான் மூடியைச் சாத்தி, காலித்தொட்டியைத் தெருவோரத்தில் கொண்டுபோய் வைத்தேன். வைக்காவிட்டால் தெருவார் என்ன நினைப்பார்கள்?

இவ்வளவையும் செய்துகொண்டிருந்தவன் நலமாக இருந்தான் என்று எண்ண வேண்டாம். புல்வெட்டியின் இரைச்சலில் மட்டுமே என் தலைக்குள் இருந்த ஒன்று வாய்மூடியது. இயந்திரத்தை அணைத்ததும் அது தொடரும். இரண்டு தரைகளை வெட்டினால் இருமடங்கு நேரம் கிடைக்கும். நான் அவருக்குச் செய்த தொண்டில் பாதி இதுதான்.

மே மாதத்தில் பெருமழை பிடித்துக்கொண்டது. முதல் நாள் மழை என்பதால் வெட்டவில்லை. மறுநாள் மழை விட்டது, நான் எழவில்லை. பெரிய காரணம் எதுவும் இல்லை. போர்வையை விலக்கக் கை போக வேண்டும், கை போகவில்லை. இது மனச்சோர்வு நோய் (வெறும் வருத்தமன்று, உறக்கம், பசி, எண்ணம், அசைவு ஆகிய அனைத்தையும் மெல்லமெல்லப் பற்றிக்கொள்ளும் நோய்) என்றும், இதய அறுவைக்குப் பிறகு பலருக்கு வரக்கூடியது என்றும் பின்னால் சொன்னார்கள். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் ஒரு பாத்திரம். யாரோ கவிழ்த்து வைத்துவிட்டார்கள்.

கோமதி என்னை மூடத் தொடங்கினாள். தமிழ்ச்சங்க நண்பர்கள் அழைத்தால், “அவருக்குக் கொஞ்சம் அசதி, வேறொண்ணுமில்ல” என்பாள். மகளிடம், அப்பா தூங்குகிறார் என்பாள். பழம் வாங்கிக்கொண்டு வந்த ஒரு குடும்பத்துக்காக எனக்குச் சட்டை மாட்டி, தலைவாரி, நாற்காலியில் உட்கார வைத்தாள். நான் அரைமணி நேரம் சிரித்தேன். அவர்கள் மனநிறைவோடு திரும்பிப் போனார்கள்.

யாழினி மட்டும் ஒருநாள் விடவில்லை. கோமதி கைப்பேசியை என் காதருகே வைத்தாள். “அப்பா, ஆர் யூ ஓகே, ஆர் ஆர் யூ ஜஸ்ட் பீயிங் பொலைட்?” என்று கேட்டாள். நலமாக இருக்கிறேனா, நாகரிகத்துக்காகச் சொல்கிறேனா என்று. நன்றாயிருக்கேம்மா என்றேன்.

இவ்வாறு பதினெட்டு நாள் கழிந்தது. மழையும் வெயிலும் மாறிமாறி வந்ததில் இரண்டு தரைகளிலும் புல் கணுக்காலைத் தாண்டி உயர்ந்தது. மிஸ்டர் வெர்னனின் தொட்டி தெருவோரத்திலேயே நின்றது. காற்றில் ஒருநாள் சாய்ந்தது.

புதன்கிழமை, படுக்கையறைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழையால் இரண்டு புதன்களாக வராதிருந்த கருஞ்சிவப்புக் கார் வந்தது. இம்முறை நின்றது. தொப்பி அணிந்த பெண்மணி இறங்கினார். புல்லின் விளிம்பில் நின்று குனிந்து, புறங்கையைத் தரையில் ஊன்றி, விரல்களால் அதன் உயரத்தை அளந்தார். காய்ச்சல் பார்ப்பவரின் கை போல இருந்தது அந்தக் கை. பிறகு கைப்பேசியை எடுத்தார். கால்மணி நேரத்தில் இன்னும் இரண்டு கார்கள் வந்தன. ஒருவரிடம் சாவி இருந்தது. கதவைத் திறந்து உள்ளே போனார்கள். உள்ளேயிருந்து ஒரு பெண் பாடலைப்போல எதையோ உரக்கச் சொல்லத் தொடங்கியது கேட்டது. அது வேண்டுதல் என்று பிறகு உணர்ந்தேன். ஆம்புலன்ஸ் வந்தது.

நான் வெளியே போகவில்லை. சன்னலருகே நின்றேன். கோமதி ஓடினாள்; நான் நின்றேன். இதை எழுத வேண்டியிருப்பதால் எழுதுகிறேன்.

மறுநாள் பிற்பகல் அந்தப் பெண்மணி எங்கள் வீட்டு மணியை அழுத்தினார். பெயர் சிஸ்டர் லொரெட்டா. பள்ளிச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். மிஸ்டர் வெர்னனின் தேவாலயத்தில் நோயுற்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் குழுவின் மூத்தவர். நான் கூடத்துக்கு அப்பால் நடைவழியில், பொத்தான் போடாத சட்டையோடு நின்றிருந்தேன்.

மிஸ்டர் வெர்னன் உயிரோடிருக்கிறார் என்றார். இன்சுலின் ஊசி பல நாளாகச் செலுத்தப்படவில்லை. சர்க்கரை கட்டுமீறி, உடல்நீர் வற்றிப்போய், நினைவு தடுமாறிய நிலையில் நாற்காலியில் கிடந்திருக்கிறார். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் மருத்துவர்களாலும் ஒன்றும் செய்ய இயலாதாம். பிறகு அவர் தாம் கேட்க வந்ததைக் கேட்டார்.

“மார்ச்சுலேர்ந்து அந்தப் புல்லை யார் வெட்டுனது?”

கோமதி பெருமையோடுதான் சொன்னாள், என் கணவர் என்று. சிஸ்டர் லொரெட்டா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பேசியபோது அவர் குரலில் சினம் இல்லை. இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

“நாங்க யாரையும் கேக்கறதில்ல, சார். மனசு எப்படி இருக்குன்னு வெர்னன் மாதிரி ஆளைக் கேட்டா, ‘ஆண்டவர் கிருபை’ன்னு சொல்லுவார். பொய்தான். வயசான மனுஷரை வாசல்ல நிக்க வெச்சுப் பொய் சொல்ல வைக்கக் கூடாது. அதனால வீட்டைப் பாப்போம். புல்லு, தொட்டி, தபால் பெட்டி. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல வாசிக்கிற நோயாளிங்க பட்டியல்ல தன் பேரைச் சேக்க அவர் ஒத்துக்கமாட்டார். ஆனா புல்லு பொய் சொல்லாது. எர்னஸ்டீன் போனப்பவே நாங்க பேசி வெச்சோம், வெர்னன் படுத்துட்டா முதல்ல தெரியறது அந்தப் புல்லுலதான்னு. நான் வாராவாரம் வந்து பாத்தேன். சாய்கோடுகூட மாறல.”

கோமதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிஸ்டர் லொரெட்டாவின் பார்வை அவளைக் கடந்து, நடைவழியில் நின்ற என்மேல் தங்கியது. சட்டையை, தாடியை, வெறுங்காலை, மார்போடு அணைத்திருந்த அந்தச் சிறு தலையணையைப் பார்த்தார். பிறகு திறந்திருந்த வாசல் வழியாக எங்கள் தரையைப் பார்த்தார். அதுவும் கணுக்காலைத் தாண்டியிருந்தது.

“உங்க புல்லை யாரு பாக்குறாங்க?” என்று கேட்டார்.

கோமதி அழுதாள். அந்தப் பெண்மணி அவள் தோளில் கைவைத்து, தம் கைப்பேசி எண்ணை ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அன்று மாலையே கோமதி மருத்துவமனையை அழைத்தாள். பிறகு யாழினியை அழைத்து, அப்பா தூங்கவில்லை என்று சொன்னாள்.

அதே படிவம், அதே ஒன்பது கேள்விகள். இம்முறை இரண்டு, இரண்டு, ஒன்று என்று சுழித்துக்கொண்டு வந்தேன். அருகில் இருந்த கோமதி பேனாவைத் தடுத்தாள்.

“பசிக்கு ரெண்டு இல்ல. மூணு போடுங்க. சமைச்சது நான்தானே, எனக்குத் தெரியாதா?”

தூக்கத்துக்கும் அவளே மூன்று என்றாள். ஐந்து மாதமாக என் எண்கள் எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தன. கடைசிக் கேள்வி, இறந்துவிட்டால் நல்லது என்ற எண்ணம் வந்ததுண்டா என்பது. அதற்கு அவளிடம் எண் இல்லை. நான் சுழித்த எண்ணைப் பார்த்துவிட்டு, என் முழங்கையைப் பற்றிக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை விடவில்லை.

இதே நிலையில் இருக்கும் வாசகருக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனச்சோர்வு மருந்து முதல் இரண்டு வாரங்களில் எதையும் செய்வதாகத் தெரியாது. வாய் உலரும், வயிறு குமட்டும். நான்காம் வாரத்தில் நிறுத்தத் தோன்றும்; மருத்துவரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது. உரையாடல் சிகிச்சைக்கு (மருந்தின்றி, பயிற்சி பெற்ற ஒருவரோடு வாரந்தோறும் பேசுதல்) போனபோது முதல் மூன்று வாரம் நான் வானிலையைப் பற்றியே பேசினேன். சிகிச்சை தந்த இளம்பெண் பொறுத்துக்கொண்டாள். ஆறாம் வாரம், தெருவில் யாரோ புல்வெட்டும் இரைச்சல் கேட்டு எனக்கு எரிச்சல் வந்தது. கதவை அறைந்து சாத்தினேன். கோமதி அடுப்பங்கரையில் நின்று சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு எனக்கு ஒன்று வந்திருந்தது, எரிச்சலாயினும்.

மிஸ்டர் வெர்னன் ஜூலையில் வீடு திரும்பினார். எடை மிகவும் குறைந்து, சட்டைக் கழுத்துப்பட்டைக்குள் கழுத்து தனியே நின்றது. நான் போனேன். முன்வாசல் நாற்காலியில் உட்காரச் சொன்னார். வெயில் எரிந்துகொண்டிருந்தது.

“நல்லா வெட்டியிருந்தீங்க, நெய்பர்” என்றார். “ஓரம்கூட. திரைக்குப் பின்னாடி உக்காந்து பாத்துட்டே இருப்பேன். என்ன நெனச்சேன் தெரியுமா? வெர்னன், உன் வேலை முடிஞ்சிடுச்சு. உன் புல்லுக்குக்கூட நீ வேணாம்.”

நான் தலைகுனிந்தேன். அவர் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. ஊசியைப் பற்றி நான் கேளாமலே சொன்னார்: “நிறுத்தணும்னு நிறுத்தல. மறந்துட்டே இருந்தேன். மறக்கறதுக்குக் கொஞ்சம் முயற்சி எடுத்துக்கிட்டேன்.”

மருத்துவமனையில் ஒரு மருத்துவர், அவருடைய இனத்தைச் சேர்ந்த நடுவயதுப் பெண், படிவத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, என்ன செய்கிறது, நீங்களே சொல்லுங்கள் என்றாராம். மிஸ்டர் வெர்னன் தமக்குத் தெரிந்த தொழிலைக் கொண்டு சொல்லியிருக்கிறார். இயந்திரம் ஓடுகிறது, விசிறி சுற்றுகிறது, மின்சாரம் போகிறது. குளிர் மட்டும் வரவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டிருக்கிறார் அவர். எர்னஸ்டீன் இறந்த நாளைச் சொல்லியிருக்கிறார் இவர். மருத்துவர் மனச்சோர்வு என்ற அந்தச் சொல்லைத் தம் குறிப்பில் எழுதிக்கொண்டார். எழுதியதை இவரிடம் காட்டினார். இவர் படித்துவிட்டு, சரி என்றார். இன்றுவரை தம் வாயால் அதைச் சொன்னதில்லை. நோயாளிகள் பட்டியலில் பெயரைச் சேர்க்க மட்டும் ஒப்புக்கொண்டார். நோய் என்னவென்று வாசிக்கக் கூடாது என்ற உறுதியின்பேரில்.

எழுந்தபோது, என் புல்லை இனித் தொடாதீர்கள் என்றார். ஓர் ஏற்பாட்டை அவரே சொன்னார். காலை எட்டு மணிக்குள் அவர் முன்னறைத் திரையை ஏற்ற வேண்டும். எட்டு மணிக்குள் நான் எங்கள் கராஜ் கதவைப் பாதி உயரத்துக்குத் தூக்க வேண்டும். நலம் விசாரிப்பு இல்லை, குறுஞ்செய்தி இல்லை. ஒன்று நடக்கவில்லை என்றால் மற்றவர் தட்ட வேண்டும், திறக்காவிட்டால் சாவி. சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார். எங்கள் சாவி அவர் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

இப்போது அக்டோபர். என் மார்பெலும்பு முழுவதும் கூடிவிட்டது என்கிறார்கள். ஆயினும் குளிர்காற்று வீசத் தொடங்கினால் அந்தக் கம்பிகள் ஒவ்வொன்றும் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரிகிறது. இந்த உடலை என்னுடையது என்று முன்போல நினைக்க முடிவதில்லை. தெருவில் போகும் ஒருவர் பார்த்து அறிய வேண்டிய பொருளாக அது ஆகியிருக்கிறது. எங்கள் புல்லைக் கோமதி வெட்டுவதில்லை, என்னைத் தவிர வேறு யாரையும் வெட்டவிடுவதுமில்லை. அது வளர்ந்தால், தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியட்டும் என்கிறாள். புதன்கிழமைகளில் கருஞ்சிவப்புக் கார் எங்கள் வீட்டின் முன்னாலும் வேகம் குறைகிறது.

நேரமும் மாறிவிட்டது. எனக்கு ஒரு நாளில் இருபத்துநான்கு மணி நேரம் இல்லை. விழிப்பிலிருந்து எட்டு மணிவரை ஒரு நீண்ட நாள். அதற்குப் பிறகு எஞ்சியது, விரைவாகக் கழியும் இன்னொன்று. மிஸ்டர் வெர்னனின் திரை பெரும்பாலும் ஏழரைக்கு ஏறிவிடும்.

இதை அடுப்பங்கரை மேசையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கராஜ் கதவைத் தூக்கியாயிற்று. இரண்டு காலுறைகளும் அணிந்திருக்கிறேன். மணி ஏழு ஐம்பத்தாறு. இங்கிருந்து பார்த்தால் அவருடைய சன்னல் தெரிகிறது.

“ஏத்திட்டாரா?” என்று கேட்கிறாள் கோமதி, பாலைப் பார்த்தபடி.

“இன்னும் இல்ல.”

அவள் அடுப்பை அணைக்கிறாள். “சாவி எங்க இருக்கு?”

சாவி ஏற்கெனவே என் கையில் இருக்கிறது.